இரட்டை ஈர்ப்பில் எலியின் நீர்க்கணக்கு: அளக்கும் முறை

சுழலியில் (வேகமாகச் சுற்றிக் கூடுதல் ஈர்ப்பைத் தரும் கருவி) ஏற்றிய எலி முதல் நாள் சிறுநீரைக் குறைவாகக் கழித்தால், உடனே சிறுநீரகத்தைக் காரணம் சொல்லிவிடாதீர்கள். 2 ஜி-க்குள், அதாவது புவியீர்ப்பின் (1 ஜி) இரு மடங்குக்குள், போனதும் எலி சுருண்டு படுக்கும், உடல் வெப்பம் இறங்கும், தீனியும் தண்ணீரும் வெகுவாகக் குறையும். உள்ளே போகாதது வெளியே எப்படி வரும்? ஈர்ப்பின் விளைவையும் பட்டினியின் விளைவையும் பிரித்துக் காட்டும்படி சோதனையை அமைப்பதுதான் முக்கியம்.

முதலில் வேகம். புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, சுழற்சி பக்கவாட்டில் இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து 2 ஜி ஆக, சுழற்சி தர வேண்டியது 1.73 ஜி மட்டுமே. 2 ஜி-யையும் சுழற்சியிலிருந்தே எடுத்தால் எலிமேல் 2.24 ஜி விழும். ஆரம் 2.5 மீட்டர் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 25 சுற்று. தொங்கும் கூண்டு ஓட்டத்தில் 60 பாகை சாயும். சாய்ந்த நிலையில் கூண்டின் தரை இருக்கும் இடம்வரை ஆரத்தை அளக்க வேண்டும்.

ஒப்பீட்டுக்கு மூன்று குழுக்கள் தேவை. ஒன்று, அதே அறையில் நிற்கும் கூண்டு. இரண்டாவது, சுழலியின் மையத்தில் அதே வேகத்தில் சுற்றும் கூண்டு; இரைச்சலும் சுழற்சியும் உண்டு, கூடுதல் ஈர்ப்பு கிடையாது. மூன்றாவதை விடவே கூடாது: சுழலும் எலி நேற்று எத்தனை கிராம் தின்றதோ, அத்தனை கிராமை மட்டும் இன்று நிற்கும் எலிக்குக் கொடுப்பது.

மெட்டபாலிக் கூண்டில் (தீனி, தண்ணீர், சிறுநீரைத் தனித்தனியே அளக்க உதவும் கூண்டு) 3 முதல் 5 நாள் பழக்கி, அடுத்த 3 நாள் 1 ஜி-யில் அடிப்படை அளவு எடுங்கள். பிறகு தினமும் ஒரே நேரத்தில், 15 நிமிடத்துக்கு மிகாமல் சுழலியை நிறுத்தி எலி, புட்டி, தீனி, சிறுநீர்க் குழாய் எல்லாவற்றையும் எடை போடுங்கள். நிறுத்தம் நீண்டால் எலி 1 ஜி-யில் குடித்துத் தீர்த்துவிடும்.

பெரும்பாலும் கணக்கைக் கெடுப்பது தண்ணீர்ப் புட்டிதான். 2 ஜி-யில் நீர்த்தம்பத்தின் அழுத்தம் இரட்டிப்பாகும், மோட்டார் அதிர்வும் சேரும், சிறு உலோக உருண்டை வைத்த குழாய்முனை சொட்டத் தொடங்கும். எலி இல்லாத கூண்டு ஒன்றை அதே சுழலியில் மாட்டி, அதன் புட்டியில் குறைந்த எடையை மற்ற புட்டிகளின் கணக்கிலிருந்து கழியுங்கள். சிறுநீர் காற்றில் வற்றாமலிருக்கக் குழாயில் மெல்லிய அடுக்காகத் திரவப் பாரஃபின் ஊற்றுங்கள். புனலில் ஒட்டியதை 5 மில்லி காய்ச்சி வடித்த நீரால் கழுவித் தனிக் குழாயில் பிடியுங்கள்; கலந்தால் செறிவு பொய்யாகிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 12 மில்லி சிறுநீர், செறிவு (கரைந்த துகள்களின் அளவு) லிட்டருக்கு 1500 மில்லிஆஸ்மால்: நாளுக்கு 18 மில்லிஆஸ்மால் கழிவு. தீனி பாதியாகி யூரியாவும் உப்பும் பாதியானால் கழிவு 9. அதே செறிவில் அது 6 மில்லியில் அடங்கிவிடும். அளவு பாதியானது; சிறுநீரகமோ செறிவாக்கும் வேலையில் இம்மியும் மாறவில்லை. ஆகவே அளவோடு செறிவையும், கிரியாட்டினின் (தசையிலிருந்து வந்து சிறுநீரில் போகும் கழிவு) வெளியேற்றத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். 2 ஜி எலி இளைத்திருக்கும் என்பதால் மொத்த அளவு, 100 கிராம் உடல் எடைக்கான அளவு இரண்டையும் கொடுங்கள்.

நின்றபடியோ உட்கார்ந்தபடியோ இருக்கும் மனிதரிடம் கூடுதல் ஈர்ப்பு இரத்தத்தைக் காலுக்குத் தள்ளும். எலியின் உடல் படுக்கைவாக்கில் இருப்பதால் அந்த இறக்கம் மிகச் சிறியது; கூடுதல் ஈர்ப்பில் விமானிகளிடம் கண்ட முடிவை எலிக்குப் பொருத்தாதீர்கள்.

சிறுநீரகத்தை நீரைத் தக்கவைக்கச் சொல்லும் ஹார்மோனான வாசோபிரசினை இரத்தத்தில் மட்டும் தேடாதீர்கள். சில நிமிடங்களிலேயே அது குறைந்துவிடும். சுழலி நிற்கும்போது ஏற்படும் பதற்றமே அளவை மாற்றிவிடலாம். 24 மணிநேரச் சிறுநீரில் அளப்பது மேல். மாதிரியை உடனே உறைய வையுங்கள். எடை 20 சதவீதம் குறைந்த எலியை அன்றே இறக்கிவிடுங்கள்.