எதிரணி மல்ட்டி 2 டைமன் கேட்டால் என்ன செய்வது?

28 சீட்டாட்டம் ஆடிப் பழகியவர்களுக்குத் துருப்பைக் கவிழ்த்துவைத்துக் கேள்வி கேட்பது புதிதல்ல. பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் முதல் கேள்வியாக வரும் மல்ட்டி 2 டைமன் கிட்டத்தட்ட அதே வேலைதான். கேட்டவரிடம் ஹார்ட்டினோ ஸ்பேடோ 6 சீட்டு இருக்கும், பாயிண்ட் (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1) 5 முதல் 10 வரை. டைமனுக்கும் அந்தக் கேள்விக்கும் சம்பந்தமில்லை. சிலர் பலமான கை ஒன்றையும் இதற்குள் வைத்திருப்பார்கள். அதனால் உங்கள் முறை வந்ததும் விளக்கம் கேளுங்கள். கேட்க வேண்டியது அவருடைய ஜோடியிடம், அவரிடமே அல்ல.

கோடைக்கு ஏற்காடு வந்த வெளியூர் ஜோடி இதை ஆடினால், மேசையில் உட்கார்ந்த பிறகு யோசிக்க முடியாது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் உங்கள் ஜோடியோடு இதைப் பேசி முடித்துவிடலாம்.

உடனே டபுள் சொன்னால் 13–15 பாயிண்ட் சமச்சீர் கை, அல்லது எந்த வடிவிலும் 19க்கு மேல். 2 நோ ட்ரம்ப் (துருப்பில்லாத ஆட்டம்) என்றால் 16–18, ஹார்ட்டின், ஸ்பேட் இரண்டிலும் தடுப்பு, அதாவது அவர்கள் ஓட்டத்தை நிறுத்தும் சீட்டு, இருக்க வேண்டும். சீட்டு வகையைக் கேட்டால் அது உண்மையான நீள வகை: 2 மட்டத்தில் நல்ல 5, 3 மட்டத்தில் 6.

மற்ற கைகளுக்குப் பாஸ். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். அவர்கள் வகையை மறைத்ததால் உங்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது முறை கிடைக்கும். இந்தக் கையைப் பாருங்கள்: ஸ்பேடில் 5 மட்டும், ஹார்ட்டினில் ஏஸ், ஜாக்கி, 8, 3, டைமனில் ராஜா, 10, 7, 4, கிளாவரில் ஏஸ், 9, 6, 2. வலது பக்கம் 2 டைமன், நீங்கள் பாஸ், இடது பக்கம் 2 ஹார்ட்டின், அதாவது 'உன் வகை ஸ்பேட் என்றால் திருத்து'. 2 டைமன் கேட்டவர் 2 ஸ்பேடுக்குத் திருத்தினால் இப்போது டபுள் சொல்லுங்கள். ஸ்பேட் தவிர மூன்று வகையும் உண்டு என்று ஜோடிக்குத் தெளிவாகப் புரியும். அவர் 2 ஹார்ட்டினிலேயே நின்றால் விட்டுவிடுங்கள், உங்கள் நாலு சீட்டின்மேல் அவர்களே ஆடட்டும்.

ஒரே ஆபத்து, இடது பக்கத்தவர் நீண்ட டைமனோடு 2 டைமனையே பாஸ் செய்வது. அப்போது கடைசியில் இருக்கும் ஜோடி, உங்கள் பாஸில் பலம் ஒளிந்திருக்கலாம் என்று நினைத்துக் கொஞ்சம் குறைந்த கையோடும் டபுள் சொல்ல வேண்டும்.

நாலாவது இடத்தில் 2 ஹார்ட்டினுக்கு டபுள் சொன்னால் ஹார்ட்டின் குறைவு, ஸ்பேட் உண்டு என்று பொருள். ஹார்ட்டின் நிறைய இருக்கிறதே என்று தண்டிக்க டபுள் போட்டால், அவர்கள் ஸ்பேடுக்கு ஓடுவார்கள், உங்கள் ஜோடி இல்லாத ஸ்பேடை உங்கள் கையில் எண்ணிக்கொள்வார். அந்தக் கைக்குப் பாஸ்தான்.

எதிரணி முதல் கேள்வியாகக் கேட்கும் கேம்ப்ளிங் 3 நோ ட்ரம்ப் வேறு ரகம்: கிளாவரிலோ டைமனிலோ ஏஸ், ராஜா, ராணியோடு 7 சீட்டு, வெளியே ஒன்றுமில்லை. ஏழு பிடி தயாராக இருக்கிறது, இரண்டுதான் பாக்கி. முதல் சீட்டாக ஏஸை இறக்கி, மேசையில் திறந்துவைக்கப்படும் டம்மி கையைப் பாருங்கள். சின்னச் சீட்டு இறக்கி முன்கையை விட்டால், உங்கள் ஏஸ்கள் கையிலேயே தங்கிவிடும்.