ட்ரோன் பறக்கவிடுறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க

ட்ரோன் வாங்கினதும் மொட்டை மாடிக்கு ஓடாதீங்க, முதல்ல எடை என்னன்னு பாருங்க, ஏன்னா 2021 ட்ரோன் விதியில எல்லாமே எடையிலதான் ஆரம்பிக்குது. 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ.

அப்புறம் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவோட டிஜிட்டல் ஸ்கை மேப்பைத் திறந்து உங்க இடம் எந்தக் கலர்ல இருக்குன்னு தேடுங்க. பச்சைன்னா 400 அடி வரைக்கும் அனுமதி வேண்டாம், மஞ்சள்னா ஏர் டிராஃபிக் கன்ட்ரோல்கிட்ட கேக்கணும், சிவப்புன்னா மத்திய அரசு அனுமதி இல்லாம ட்ரோனைப் பெட்டியை விட்டே எடுக்காதீங்க. ஏர்போர்ட்லேருந்து 8-12 கிலோமீட்டர்ல பச்சையே 200 அடியோட நின்னுடும், நிறைய பேர் சறுக்குறது இங்கதான். மேப் மாறிட்டே இருக்கும், நேத்து பாத்தோமேன்னு விட்டுடாம ஒவ்வொரு தடவையும் பாருங்க.

மைக்ரோவை சும்மா ஆசைக்குப் பறக்கவிட்டா பைலட் சர்டிஃபிகேட் வேண்டாம், ஆனா காசு வாங்கிட்டு கல்யாண வீடியோ எடுத்தா கட்டாயம் வேணும். 18 வயசு, பத்தாவது பாஸ், அங்கீகாரம் உள்ள ஸ்கூல்ல ட்ரெய்னிங், அவ்ளோதான். மீறினா அபராதம் 1 லட்சம் வரைக்கும் போகும்.