பாரிஸ்ல சாந்த் ஷப்பெல் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

நோத்ர தாம் தேவாலயத்தைப் பாத்துட்டு, பக்கத்துலதானே இருக்குன்னு டிக்கெட் இல்லாம அப்படியே நடந்து வந்துடுவாங்க நிறைய பேர். அது வேணாங்க. சாந்த் ஷப்பெல்ங்கற இந்த சேப்பல், அதாவது ராஜா கட்டின சின்ன தேவாலயம், பழைய அரண்மனை வளாகத்துக்குள்ள இருக்கு, இப்போ அது கோர்ட் வளாகம், அதனால ஏர்போர்ட் மாதிரி பையெல்லாம் ஸ்கேன் பண்ணித்தான் உள்ள விடுவாங்க. டைம் ஸ்லாட் ஆன்லைன்லயே எடுத்துடுங்க, பல இடங்களுக்கு ஒரே டிக்கெட்டா வர்ற பாரிஸ் மியூசியம் பாஸ் வச்சிருந்தாலும் ஸ்லாட் தனியா புக் பண்ணணும். சின்னக் கத்தி, கத்தரிக்கோல், கண்ணாடி பாட்டில் இதெல்லாம் ரூம்லயே வச்சுட்டு வாங்க.

உள்ள போனதும் முதல்ல வர்றது கீழ் சேப்பல். அரண்மனையில வேலை பாத்தவங்க கும்பிட்ட இடம், கூரை தாழ்வா இருக்கும். இவ்ளோதானான்னு நினைச்சுடாதீங்க, குறுகலான சுத்துப்படி ஏறி மேல போனாத்தான் ராஜாவோட சேப்பல்.

மேல போனதும் எல்லாரும் பண்றது, அண்ணாந்து பாத்து "வாவ்"னு சொல்லி நாலு போட்டோ எடுத்துட்டு பத்து நிமிஷத்துல கிளம்புறது. எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருக்கற தப்பு இதுதான். அங்க 15 வண்ணக் கண்ணாடி ஜன்னல், ஒவ்வொண்ணும் சுமார் 15 மீட்டர் உயரம், மொத்தம் 1113 காட்சி, எல்லாமே கதைங்க! நுழைஞ்சதும் இடது பக்கம் முதல் ஜன்னல்ல பைபிளோட முதல் புத்தகமான ஆதியாகமம் ஆரம்பிக்குது, கீழேர்ந்து மேல படிச்சுட்டே போகணும். மேல இருக்கறது வெறும் கண்ணுக்குத் தெரியாது, சின்ன பைனாகுலர் ஒண்ணு கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க.

அதுக்கு நேர் எதிர்ல, வலது பக்க ஜன்னலை விட்டுடாதீங்க. இந்த சேப்பல் ஏன் கட்டினாங்கங்கற கதையே அதுலதான் இருக்கு. பிரான்ஸ் ராஜா 9ஆம் லூயி 1239ல இயேசுவோட முள்முடின்னு நம்பின ஒண்ணை 1,35,000 லிவ்ர் (அப்போதைய பிரெஞ்சுப் பணம்) குடுத்து வாங்கினார், அதை வைக்கறதுக்குத்தான் இந்தக் கட்டடம், 1248ல அர்ச்சிப்பு, அதாவது தேவாலயமா புனிதப்படுத்தற சடங்கு, நடந்தது. கட்டடத்துக்கு ஆன செலவே சுமார் 40,000 லிவ்ர்தான்னு சொல்றாங்க, அப்போ அந்த முள்முடிக்கு அவர் என்ன மதிப்பு வச்சிருந்தார்னு பாத்துக்கோங்க. அந்த முள்முடி இப்போ இங்க இல்ல, நோத்ர தாம்ல இருக்கு, அதைத் தேடி இங்க வந்து ஏமாறாதீங்க. ஜன்னல்கள்ல சிவப்புல மஞ்சளா குட்டிக் குட்டி கோட்டை வரும் பாருங்க, அது லூயியோட அம்மா பிளாஞ்ச் பிறந்த காஸ்தீல் வம்சத்துச் சின்னம்.

எல்லாக் கண்ணாடியும் 13ஆம் நூற்றாண்டுதுன்னு நினைக்க வேணாம், மூணுல ரெண்டு பங்குதான் பழசு. பிரெஞ்சுப் புரட்சிக்கு அப்புறம் இந்த ஹால்ல கோர்ட் ரெக்கார்டு அடுக்க அலமாரி வைக்கணும்னு கீழ சுமார் 2 மீட்டர் கண்ணாடியைக் கழட்டிட்டாங்க, அப்புறம் 19ஆம் நூற்றாண்டுல சரி பண்ணினாங்க.

மேகமா இருக்குன்னு பிளானை கேன்சல் பண்ணாதீங்க. நேர் வெயில் அடிச்சா கண்ணு கூசும், மேகத்துல முகம், உடையோட மடிப்பு எல்லாம் நிதானமாத் தெரியும். ஃப்ளாஷ் போடவே வேணாம், வெளிச்சம் கண்ணாடிக்குப் பின்னாடியிருந்து வரணும், முன்னாடியிருந்து அடிச்சா கலர் செத்துடும்.

கிளம்பறதுக்கு முன்னாடி திரும்பி வாசல் பக்கம் மேல பாருங்க, பெரிய வட்ட ஜன்னல், 15ஆம் நூற்றாண்டு கடைசியில செஞ்சது, உலக முடிவைப் பத்தின காட்சிகள். மேற்கு பாத்து இருக்கறதால சாயங்கால ஸ்லாட் கிடைச்சா அதையே எடுங்க.