பேய் வீட்டுப் படம் எடுப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

கையில் பணம் குறைவு, ஆனால் ஒரு முழுநீளப் படம் எடுத்துவிட வேண்டும் என்பவர்கள் பேய் வீட்டுக் கதைக்குப் போவதில் ஆச்சரியம் இல்லை. ஒரே வீடு, நாலைந்து நடிகர்கள், சின்னக் குழு. கணக்கு சரிதான். ஆனால் இருக்கிற கொஞ்சப் பணத்தையும் பேயின் மேக்கப்பிலும் கிராஃபிக்ஸிலும் கொட்டிவிட்டு, வீட்டைச் சும்மா பின்னணியாக நிறுத்திவிடுகிறார்கள். முதல் சறுக்கல் அங்கேதான். முகமூடியை நாலு வினாடி சேர்ந்தாற்போல் காட்டினால் ரப்பர் தெரிந்துவிடும். வீட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

ஓரன் பெலி ‘பாரானார்மல் ஆக்டிவிட்டி’ (2007) படத்தைத் தன் சொந்த வீட்டிலேயே, சுமார் 15,000 டாலரில் எடுத்தார். அதன் திகிலில் பெரும்பங்கு ஒரே ஒரு கோணத்தில் அடங்கியிருக்கிறது: முக்காலியில் அசையாத கேமரா, ஒரு பக்கம் கட்டில், மறுபக்கம் திறந்த கதவு, அதற்கப்பால் இருட்டு. சில இரவுகள் போனதும் நாம் கட்டிலை விட்டுவிட்டுக் கதவையே பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். அப்புறம் கதவு லேசாக அசைந்தாலே போதும். ராபர்ட் வைஸின் ‘தி ஹான்டிங்’ (1963) படத்திலும் பேய் கண்ணில் படுவதே இல்லை. மூடிய கதவு நம் பக்கமாகப் புடைத்துக்கொண்டு வருவதைத்தான் பார்க்கிறோம்.

இது பலிக்க வேண்டுமானால் எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பலர் முதல் பத்து நிமிடத்திலேயே இருட்டுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். மாடிப்படி சமையலறைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றே தெரியாதபோது, படியில் கேட்கும் காலடி யாரை நோக்கி வருகிறது என்று எப்படிப் பயப்படுவது? பகல் வெளிச்சத்தில் ஒருவரை வாசலிலிருந்து சமையலறை வரை வெட்டில்லாமல் நடக்க விடுங்கள். அதே கோணத்தை ராத்திரியில் திரும்பக் காட்டுங்கள். இரண்டு மூன்று வீடுகளில் எடுத்து ஒரே வீடாக ஒட்டுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒரு ஷாட்டில் உள்பக்கம் திறந்த கதவு அடுத்த ஷாட்டில் வெளிப்பக்கம் திறந்தால், காரணம் புரியாமலேயே பார்ப்பவர் படத்தைவிட்டு விலகிவிடுவார்.

‘இவ்வளவு நடந்தும் ஏன் வீட்டைக் காலி பண்ணவில்லை?’ இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கார் ஸ்டார்ட் ஆகவில்லை, போனில் சிக்னல் இல்லை என்பதெல்லாம் சலித்துப்போன சமாளிப்பு. பெலியின் படத்தில் அந்தச் சக்தி வீட்டைப் பிடித்ததில்லை, அந்தப் பெண்ணைச் சிறுவயதிலிருந்தே தொடர்வது. வீடு மாறியும் பயனில்லை. ‘தி அதர்ஸ்’ (2001) படத்தில் குழந்தைகளுக்கு வெளிச்சம் ஆகாது. அதனால் திரைகள் எப்போதும் மூடியே இருக்கும். ஒரு கதவைப் பூட்டாமல் அடுத்ததைத் திறக்கக் கூடாது. பேய் வருவதற்கு முன்பே வீடு சிறையாகிவிட்டது! இப்படி ஒரு காரணத்தைத் திரைக்கதையிலேயே வைத்துவிடுங்கள். பேய்க்கும் வரம்பு வேண்டும். சுவரை ஊடுருவி வரக்கூடியது எதற்காகக் கதவைத் தட்டுகிறது?

பழைய கொலைக்கதையைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஒப்பிக்கும் காட்சியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

இருட்டு வேண்டும் என்பதற்காக விளக்கே இல்லாமல் எடுப்பது அடுத்த தவறு. கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாருக்கு வெளிச்சம் போதாவிட்டால் கிடைப்பது படமெங்கும் புள்ளி புள்ளியான இரைச்சல்தான். இணையத்தில் ஏற்றும்போது அது கட்டம் கட்டமாக உடைந்து இன்னும் மோசமாகும். கொஞ்சம் பிரகாசமாகவே எடுத்து, பிறகு நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் கலர் கிரேடிங்கில் இறக்குங்கள். ஃப்ரேமில் எங்காவது ஒரு மேசை விளக்கோ ஜன்னல் வெளிச்சமோ இருந்தால்தான் மற்ற இடம் இருட்டாகத் தெரியும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 நொடி, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 நொடி என்று வையுங்கள். இல்லாவிட்டால் பேய் வராத காட்சியிலும் பல்பு துடிக்கும்.

படத்தைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் பெரும்பாலும் ஒலிதான். அமைதியாக இருந்துவிட்டுத் திடீரென்று ‘டமார்’ என்று அடிக்கும் ஜம்ப் ஸ்கேர் ஒருமுறை வேலை செய்யும். மூன்றாவது முறை பார்ப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். அது பயம் இல்லை, எரிச்சல். அடிவயிற்றை உலுக்கும் என்று சேர்த்த தாழ்ந்த உறுமல் நிறைய போன் ஸ்பீக்கர்களில் கேட்கவே கேட்காது. ஆகவே மிக்ஸிங்கைப் போனிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

சவுண்ட் லைப்ரரியில் தேடுவதைவிட வீட்டின் சொந்தச் சத்தங்களைப் பதிவு செய்வது மேல். ஒரு கதவை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்கைக் கீலுக்குப் பக்கத்தில் வைத்து, மெதுவாக, மிக மெதுவாக, பிறகு சட்டென்று என்று வெவ்வேறு வேகத்தில் திறந்து மூடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கிறீச்சொலி மாறும். அதைப் பகல் காட்சியில், யாரோ காபி எடுத்து வரும்போது சாதாரணமாக ஒருமுறை கேட்க விடுங்கள். பாதிப் படம் தாண்டி, எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போது அதே சத்தம் வெளியிலிருந்து கேட்கட்டும். இசையே வேண்டாம்.

ஒவ்வொரு அறையிலும் யாரும் பேசாமல், அசையாமல் ஒரு நிமிட வெறும் ஒலி எடுத்து வைத்தால் எடிட்டிங்கில் வசனங்களுக்கு நடுவே விழும் ஓட்டையை அடைக்கலாம். ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அணைக்கும்போதே கார் சாவியை அதற்குள் வைத்துவிடுவது ஒலிப்பதிவுக்காரர்களின் பழைய தந்திரம். திரும்பப் போடாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது.

எழுத்தில் அனுமதி வாங்குவது, சாமான்களை நகர்த்தும் முன் போட்டோ எடுத்து வைப்பது, ராத்திரி அலறல் கேட்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைப்பது எல்லாம் தெரிந்ததுதான். இருந்தும் விட்டுவிடுகிறார்கள்.

எடிட்டிங் முடிந்ததும் கதை தெரிந்த நண்பர்களிடம் காட்டிப் பாராட்டு வாங்குவதில் பயனில்லை. கதை தெரியாத இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு, படம் முடிந்த கையோடு ஒரு தாளைக் கொடுத்து அந்த வீட்டை வரையச் சொல்லுங்கள். படிக்கட்டை ஆளுக்கொரு மூலையில் வரைந்தால், முதல் இருபது நிமிடத்தை மறுபடி எடிட் பண்ணுங்கள்.