1898 பிரான்ஸைப் பற்றி எழுதுகிறீர்களா? இங்கெல்லாம் சறுக்காதீர்கள்

டிரைஃபஸ் விவகாரம் (ஜெர்மனிக்கு உளவு பார்த்ததாக 1894-இல் தவறாகத் தண்டிக்கப்பட்ட பிரெஞ்சு ராணுவ அதிகாரி டிரைஃபஸின் வழக்கு) என்று யாராவது புதிதாகக் காணொளி போட்டால் உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிடுவேன். பத்து நிமிஷத்துக்குள் என்னுடைய பழைய தப்புகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். பெயர் உச்சரிப்பு, ஒரு நாள் தள்ளிப்போன தேதி எல்லாம் தானாகச் சரியாகிவிடும், விடுங்கள்.

ஸோலா வழக்கில் டிரைஃபஸை விசாரிக்கவில்லை

ஜனவரி 13 அன்று 'லோரோர்' பத்திரிகையில், டிரைஃபஸுக்காக நாவலாசிரியர் எமில் ஸோலா எழுதிய 'நான் குற்றஞ்சாட்டுகிறேன்' கடிதம் வந்தது. அரசாங்கம் அதிலிருந்து சில வரிகளை மட்டும் பொறுக்கி அவதூறு வழக்குப் போட்டது. மேலிடம் சொன்னபடி ராணுவ நீதிமன்றம், உண்மையான குற்றவாளியான எஸ்டர்ஹாஸி என்ற அதிகாரியை விடுவித்தது என்ற வரிகள். மற்றதைத் தொட்டால் 1894 தீர்ப்பும் சபைக்கு வந்துவிடுமே! ஸோலாவின் வக்கீல் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் நீதிபதி, "அந்தக் கேள்வி கேட்கப்படாது" என்று வெட்டினார். ஒரு வருஷ ஜெயில், 3000 ஃபிராங்க் அபராதம். மேல்முறையீடு, மறுவிசாரணை என்று இழுத்து, ஜூலையில் ஸோலா லண்டனுக்குத் தப்பிவிட்டார்.

இரண்டு கடிதங்களை ஒன்றாக்குவது

இதைக் கேட்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். "ராணுவ உளவுப் பிரிவு அதிகாரி ஆன்ரி போலியாகத் தயாரித்த கடிதத்தை நம்பி டிரைஃபஸைத் தீவுச் சிறைக்கு அனுப்பினார்கள்." வாசிக்கச் சுவையாக இருக்கிறது, ஆனால் தப்பு.

நானே ஒரு கூட்டத்தில் இதை முழங்கியிருக்கிறேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அந்தப் போலிக் கடிதம் 1896-ல எழுதினதுன்னு இப்பத்தானே சொன்னீங்க? அதை வச்சு 1894-ல எப்படிப்பா தண்டனை குடுத்தாங்க?" தண்ணீர் குடித்து சமாளித்தேன்.

1894-இல் சிக்கியது பாரிஸில் இருந்த ஜெர்மன் தூதரக ராணுவ அதிகாரியின் குப்பைக்கூடையிலிருந்து கிழிந்த துண்டுகளாக வந்த, கொடுக்கப்போகும் ராணுவ ரகசியங்களைப் பட்டியலிட்ட கடிதம். அது போலியே அல்ல, நிஜமான துரோகக் கடிதம். எழுதியவர்தான் வேறு, எஸ்டர்ஹாஸி. அதையும், டிரைஃபஸ் தரப்புக்குக் காட்டாமல் நீதிபதிகளிடம் நீட்டிய ரகசியக் கோப்பையும் வைத்துத்தான் தண்டனை. (ஆன்ரி அந்த விசாரணையில் சாட்சி சொன்னவர். குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.) 1896-இல் பிக்கார் என்ற அதிகாரி எஸ்டர்ஹாஸியைக் கண்டுபிடித்த பிறகு, பழைய தீர்ப்பைக் காப்பாற்ற ஆன்ரி செய்ததுதான் போலி.

1898 ஜூலை 7 அன்று போர் அமைச்சர் கவென்யாக் அதை நாடாளுமன்றத்தில் ஆதாரமாகவே வாசித்தார், அந்தப் பேச்சை ஊர் ஊராக ஒட்டினார்கள். ஆகஸ்டில் ஓர் இரவு குய்ன்யே என்ற கேப்டன் விளக்கு வெளிச்சத்தில் தாளைப் பிடித்துப் பார்க்கிறார்: கட்டம் போட்ட தாள், மேலும் கீழும் உள்ள துண்டில் கோடுகள் ஒரு நிறம், நடுத்துண்டில் வேறு நிறம். இரண்டு தாளை ஒட்டியிருக்கிறார்கள்! ஆகஸ்ட் 30 அன்று ஆன்ரி ஒப்புக்கொண்டார், மறுநாள் மோன் வலேரியன் கோட்டையில் சவரக்கத்தியால் கழுத்தை அறுத்துக்கொண்டு செத்தார்.

இரண்டையும் ஒன்றாக்கினால் இதற்கப்புறம் நடந்த எதுவும் புரியாது. போலி அம்பலமான பிறகும் கவென்யாக், டிரைஃபஸ் குற்றவாளிதான் என்று சொல்லித்தான் பதவி விலகினார். 1894 தீர்ப்பு இந்தத் தாளில் நிற்கவில்லை என்று மறுஆய்வை எதிர்த்தவர்கள் வாதாட இடம் இருந்தது, அதனால்தான் மறுஆய்வு மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போய் ஏற்கப்படவே அக்டோபர் கடைசி ஆயிற்று.

'ஃபஷோடா போர்'

அதே வருஷம் சூடானில் ஃபஷோடா என்ற இடத்தில் பிரெஞ்சுப் படையும் பிரிட்டிஷ் படையும் நேருக்கு நேர் நின்றன, ஆனால் போர் நடக்கவில்லை. ஒரு குண்டு கூட வெடிக்கவில்லை.

கியூரி தம்பதியின் நோபல்

பொலோனியமும் ரேடியமும் கண்டுபிடித்தது 1898. நோபல் 1903.

அந்த வருஷம் டிரைஃபஸ் எங்கே?

தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவை ஒட்டிய டெவில்ஸ் தீவுச் சிறையில். 1899 ஜூன் வரை அங்கேதான் இருந்தார், ரேன் நகரில் நடந்த மறுவிசாரணையில் மறுபடி குற்றவாளி என்றார்கள், அப்புறம்தான் மன்னிப்பு, குற்றமற்றவர் என்ற தீர்ப்போ 1906-இல். "ஸோலா எழுதினார், டிரைஃபஸ் விடுதலையானார்" என்று ஒரே வரியில் முடிக்கிறவர்கள் அந்த எட்டு வருஷத்தை எங்கே வைக்கப்போகிறார்கள்?