பால்கனியில் சமையலறைக் குப்பையை உரமாக்குவது எப்படி? ஈரம் சரியாக இருந்தால் நாற்றமே வராது

சமையலறையைச் சூழலுக்குக் கெடுதல் இல்லாமல் மாற்ற வேண்டும் என்று கிளம்பும் பலர் முதலில் மூங்கில் கரண்டியும் கண்ணாடி ஜாடியும் வாங்குகிறார்கள். எதையும் வாங்குவதற்கு முன்னால் குப்பைக் கூடையைக் கிளறிப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்வது. காய்கறித் தோல், டிகாக்ஷன் இறக்கிய காப்பித்தூள், தேங்காய்ச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு என்று முக்கால்வாசி மக்கும் பொருள்தான் இருக்கும். இதைப் பிரிக்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டால், சென்னையில் அது போய்ச் சேருமிடம் பெருங்குடியோ கொடுங்கையூரோதான். அங்கே காற்றுப் புகாத குவியலுக்குள் அழுகி மீத்தேன் வாயுவாக வெளியேறும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகைந்ததை அந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதை ஒட்டித்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது, அதே ஆண்டு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். நம் வீட்டு வாழைப்பழத் தோல் அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை.

தேவையானவை

20 லிட்டர் பெயிண்ட் வாளி, மூடியோடு, மூன்று. இரண்டு போதும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு வாளி மூன்று, நான்கு வாரத்தில் நிறைந்துவிடும். நிறைந்த வாளி அதற்குப் பிறகு ஒன்றரை, இரண்டு மாதம் சும்மா இருக்க வேண்டும். அதனால் மூன்றாகவே வாங்கிவிடுங்கள். கடையில் விற்கும் அழகான மண்பானை அடுக்குகளும் நன்றாக வேலை செய்யும், ஆனால் பழகுவதற்கு அவ்வளவு பணம் போட வேண்டாம். பெயிண்ட் அடிக்கும் இடத்தில் கேட்டால் வாளி சும்மாவே கிடைக்கும்.

அடியிலும் சுற்றிலும் சின்னச் சின்னத் துளைகள் போடுங்கள். கம்பியைக் காய்ச்சிக் குத்தினால் பிளாஸ்டிக் புகை மூச்சில் ஏறும், ட்ரில்தான் நல்லது. பக்கத்துத் துளைகளை உள்பக்கமாகக் கொசுவலை வைத்து ஒட்டி, வாளிக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள்.

அப்புறம் ஒரு சாக்கு நிறையக் காய்ந்த சருகு. இது இல்லாமல் தொடங்கவே கூடாது.

போடும் முறை

வாளியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சருகு. அதன் மேல் அன்றன்றைய காய்கறிக் கழிவு, அதை மூடும்படி மறுபடி சருகு. கழிவு ஒரு பங்கு என்றால் சருகு இரண்டு பங்காவது இருக்கட்டும், எடைக்கணக்கில் அல்ல, கொள்ளளவில். முதல் தடவை மட்டும் ஒரு கரண்டி புளித்த மோரோ ஒரு பிடி தோட்ட மண்ணோ தூவினால் நுண்ணுயிர்கள் வேலையைச் சீக்கிரம் ஆரம்பிக்கும். மூன்று நாளுக்கு ஒரு முறை நீளமான குச்சியால் அடிவரை கிளறிவிடுங்கள்.

கொட்டாங்குச்சி, மாங்கொட்டை போடாதீர்கள், எத்தனை மாதமானாலும் அப்படியே கிடக்கும். எண்ணெய்ப் பதார்த்தம், பால், கறி, மீன் எல்லாம் பழகும்வரை வேண்டாம். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாம். டீ பேக்கைப் பிரித்துத் தூளை மட்டும் போடுங்கள், பல பைகளின் நூலிழையில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது.

ஈரம்: எல்லாரும் நிற்கும் இடம்

"நாற்றம் தாங்கவில்லை, தூக்கிப் போட்டுவிட்டேன்" என்று சொல்பவர்களில் அநேகமாக எல்லாருக்கும் நடந்தது ஒன்றுதான். தண்ணீர் அதிகம். நம் சமையலறைக் கழிவு அப்படிப்பட்டது: சுரைக்காய் உள்சதை, வெள்ளரித் தோல், புளிச் சக்கை, சிங்க் வடிகட்டியில் சேர்ந்த சாம்பார்க் காய். இதை அப்படியே கவிழ்த்தால் வாளிக்குள் காற்று ஓடும் இடைவெளியெல்லாம் தண்ணீர் நிரம்பிவிடும். காற்று தேவைப்படும் நுண்ணுயிர்கள் ஓய்ந்து, காற்றில்லாமல் வாழ்பவை பெருகும். சாக்கடை நாற்றம் அவற்றால் வருவதுதான்.

அதனால் கழிவை வாளியில் போடுவதற்கு முன் ஓட்டைத் தட்டில் கொட்டி ஓர் இரவு வடியவிடுங்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு பழக்கம் எந்த விலை கொடுத்த பொடியையும்விட மேல்.

வாளிக்குள் இருப்பது புட்டு மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் இரண்டு பிடி சருகு சேர்த்துக் கிளறி, ஒரு நாள் மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள். கையில் ஒட்டாமல் பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

நாற்றத்திலும் வகை உண்டு. சாக்கடை வாடை என்றால் ஈரம். மூக்கைக் காந்தும் அமோனியா நெடி என்றால் பச்சைக் கழிவு அதிகம், சருகு போதவில்லை. இரண்டுக்கும் மருந்து சருகுதான். சரியாக நடக்கும் வாளியில் மண்வாசனை மட்டும்தான் வரும், கை வைத்தால் நடுப்பகுதி வெதுவெதுப்பாக இருக்கும்.

சருகா, கோகோபீட்டா?

என் ஓட்டு சருகுக்கு. புங்கை, வேம்பு, வாதாம் எதுவானாலும் சரி, வாதாம் இலையை மட்டும் நொறுக்கிப் போடுங்கள். தெருவில் கூட்டிக் கொளுத்தப்போகும் குவியலில் ஒரு சாக்கு கேட்டால் யாரும் மறுப்பதில்லை. அந்தப் புகையும் மிச்சம். கோகோபீட், அதாவது தேங்காய் நார்த் தூள், ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் நுண்ணியதாக இருப்பதால் அமுங்கிக் காற்றை அடைக்கும். பாதிப் பாதி கலந்தால் பிரச்சினை இல்லை.

எப்போது எடுக்கலாம்?

நிறைந்த வாளியை மூடி வைத்து, வாரம் ஒரு முறை மட்டும் கிளறுங்கள். கறுத்து, பொலபொலவென்று, எது தோல் எது காம்பு என்று தெரியாமல் ஆனதும் சலிக்கலாம். சல்லடையில் தங்கியதை அடுத்த வாளியில் போடுங்கள், புதுக் கழிவை மக்க வைக்க அதுவே போதும், மோர் வேண்டாம். தொட்டிக்கு மண் மூன்று பங்கு, உரம் ஒரு பங்கு. தக்காளி விதை தானாக முளைக்கும், பிடுங்கிவிடாதீர்கள்!

வாசகர்கள் கேட்டதால் சேர்த்தவை

*புழு:* கொழுத்த, சாம்பல் நிறப் புழு என்றால் அது பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழு. கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும், நல்லதே செய்யும். அந்த ஈ கடிக்காது. பார்க்கச் சகிக்கவில்லை என்றால் ஈரத்தைக் குறையுங்கள், தானாகக் குறையும்.

*எறும்பு:* வாளி காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மருந்து அடிக்காதீர்கள், தண்ணீர் தெளித்துக் கிளறினால் இடத்தைக் காலி செய்துவிடும்.

*கோகோபீட் கட்டி:* உறையில் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லியிருப்பது செடித் தொட்டிக்கு. உரவாளியில் அது உலர்ந்திருந்தால்தான் பயன். சுத்தியலால் உடைத்துப் பொடியாக்குங்கள், அல்லது உதிரியாகவே வாங்குங்கள்.

*மழைக்காலம்:* அக்டோபர் முதல் டிசம்பர் வரை காய்ந்த சருகு கிடைப்பது கஷ்டம். பிப்ரவரி, மார்ச்சில் உதிரும்போதே இரண்டு சாக்கு கட்டி உலர்ந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் தீர்ந்தால் செய்தித்தாளைக் கிழித்துப் போடலாம், பளபளப்பான விளம்பரத் தாள் மட்டும் வேண்டாம். வாளியைச் சாரல் படாத சுவரோரம் நகர்த்திவிடுங்கள்.