திருத்த மசோதா வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

அரசமைப்பையே மாற்றப் போகிறார்களாம் என்று டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் மாமா யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், உடனே அதைப் பத்துப் பேருக்குத் தள்ளிவிடாமல், மசோதாவைத் திறந்து எந்தப் பிரிவில் கைவைக்கிறார்கள் என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் எத்தனை ஓட்டு வேண்டும் என்பதே அதைப் பொறுத்ததுதான். விதியெல்லாம் 74-வது பிரிவில் இருக்கிறது.

மனித மாண்பு, சமத்துவம், சட்டத்தின் ஆட்சி என்று சொல்லும் 1-வது பிரிவையோ இந்த விதியைச் சொல்லும் 74(1)-ஐயோ தொட்டால், நாடாளுமன்றத்தின் கீழவையான, 400 பேர் கொண்ட தேசிய அவையில் 300 ஓட்டும் மேலவையான மாகாணங்களின் பேரவையில் 9-க்கு 6 மாகாணமும் வேண்டும். அடிப்படை உரிமைகள் என்றால் 267 ஓட்டும் அதே 6 மாகாணமும். மற்றதற்கு 267, மாகாண எல்லை, அதிகாரம் என்று வந்தால் மறுபடி அந்த 6. சாதாரணப் பெரும்பான்மை எதற்கும் போதாது. 2021 டிசம்பரில் இழப்பீடு இல்லாமல் நிலம் எடுக்க 25-வது பிரிவைத் திருத்தப் பார்த்தார்கள், ஆதரவு 204, எதிர்ப்பு 145, ஆனாலும் 267-ஐ எட்டாததால் மசோதா தோற்றது.

அப்புறம் தேதிகளைப் பாருங்கள். அவைக்கு வருவதற்கு 30 நாளாவது முன்பே அரசிதழில் போட்டு மக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். வந்த பிறகும் 30 நாளுக்குள் ஓட்டெடுப்பு கூடாது. கருத்து எழுதும்போது வெறுமனே 'எதிர்க்கிறேன்' என்று போடாதீர்கள், எந்த வரி, அதனால் யாருக்கு என்ன ஆகும் என்று எழுதுங்கள்.

கருத்துக் கேட்பதெல்லாம் கண்துடைப்பு என்பவர்களுக்கு மடாடியேலே ஊரைச் சொல்லலாம். 12-வது திருத்தம் அதை நம் குவாசுலு-நடால் மாகாணத்திலிருந்து கிழக்கு கேப் மாகாணத்துக்கு மாற்றியது. ஒரு குறிப்பிட்ட மாகாணத்தைத் தொடும் திருத்தத்துக்கு அந்த மாகாண அவையும் ஒப்ப வேண்டும். நம் அவை ஒப்பியது, ஆனால் மக்களைக் கேட்காமல். 2006-இல் அரசமைப்பு நீதிமன்றம் திருத்தத்தின் அந்தப் பகுதி செல்லாது என்று சொல்லி, சரிசெய்ய 18 மாதம் கொடுத்தது. பிறகு 13-வது திருத்தம் அதே மாற்றத்தை மறுபடி கொண்டுவந்தது, ஊர் இன்றும் கிழக்கு கேப்பில்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

1973-இல் இந்திய உச்ச நீதிமன்றம் கேசவானந்த பாரதி வழக்கில் சொன்ன 'அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது' என்பதை இங்கே அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள், நம் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டதில்லை. நடைமுறைக் குறையைப் பிடியுங்கள், அதுதான் நிற்கும். வழக்கென்று வந்தால் ஒரு திருத்தம் செல்லுமா என்று தீர்ப்பது ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள அரசமைப்பு நீதிமன்றம் மட்டுமே.